ஏடும் பூட்டும்
(ருஷ்ய அமைச்சர் உவாரவின் வாழ்வு குறித்து ஒரு திறனாய்வு)

ருஷ்யப் பேரரசின் பழைய தலைநகராகிய செயிண்ட் பீட்டர்ஸ்பர்கில், வோல்கவோ என்னும் பகுதியில் தாத்தாரிய முஸ்லிம்களின் அடக்கத்தலம் ஒன்று உண்டு. அங்கே எகிப்து நாட்டு ஆலிம் ஒருவரின் கபுறு இருக்கிறது. தந்தா நகரை அடுத்த நிஜ்ரீது என்னும் சிற்றூரில் 1810ஆம் ஆண்டு பிறந்து, அல்அஸ்ஹரில் ஓதி, அங்கேயே ஓதிக்கொடுத்து, 1840இல் பனி சூழ்ந்த வடபுலத்துக்கு அரபுமொழி ஆசிரியராகச் சென்று, 1861இல் அம்மண்ணிலேயே மறைந்த ஷைகு முஹம்மத் அய்யாத் அத்தந்தாவி அவர்களின் கபுறுதான் அது.

அல்அஸ்ஹரின் ஷைகு ஒருவர் ஜார் மன்னரின் தலைநகரில் என்ன பணிக்காகத் தங்கினார்? அரபு இலக்கண நூல்களைக் கற்பிப்பதிலேயே வாழ்நாளைக் கழித்துவரும் எனக்கு இந்த வினா பல ஆண்டுகளாக மனத்தில் இருந்ததுண்டு. விடை தேடிச் சென்றால், கீழைமொழிகளைக் கற்பதற்கென்று ருஷ்ய அரசு அரை நூற்றாண்டுக் காலம் செய்த ஏற்பாடுகள் நம் கண்முன் விரிகின்றன. அந்த ஏற்பாடுகளின் தொடக்கத்தில் ஒரு மனிதர் நிற்கிறார். ஸெர்கேய் ஸெம்யோனவிச் உவாரவ் என்பது அவர் பெயர். 1786இல் பிறந்து 1855இல் மறைந்த இவர், முப்பத்தேழு ஆண்டுகள் ருஷ்ய அறிவியற் கழகத்தின் தலைவராகவும், பதினாறு ஆண்டுகள் கல்வி அமைச்சராகவும் இருந்தவர். கவிஞர்களின் தோழர், பின்னர் கவிஞர்களின் பகைவர். அரபு, பாரசீக ஏடுகளுக்குப் பெரிய கருவூலம் அமைய வழி செய்தவர். அதே கையால் ருஷ்ய இதழ்களுக்குப் பூட்டுப் போட்டவர்.

இத்தகைய ஒருவரை எடைபோடுவது எங்ஙனம்? அறிவுக்குச் செய்த தொண்டுக்காக அடக்குமுறையை மன்னித்துவிடலாமா? அன்றி, அடக்குமுறைக்காகத் தொண்டினை மறந்துவிடலாமா? இவ்வினா உவாரவ் ஒருவரோடு முடிவதன்று. ஆட்சிபீடத்தின் நிழலில் கல்வி வளரும் இடமெங்கும் எழும் வினா இது. ஆதலின் அவருடைய வாழ்வைச் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

இளமையின் கனவு

உயர்குடியில் பிறந்த உவாரவ், பிரெஞ்சையும் ஜெர்மானியத்தையும் தாய்மொழிபோல் பயின்றவர். இளம் வயதிலேயே அயல்நாட்டு அலுவலில் சேர்ந்து வியன்னாவிலும் பாரிஸிலும் பணியாற்றினார். அக்காலத்தில் ஐரோப்பிய அறிஞரிடையே கீழைநாடுகளைப் பற்றிய ஆர்வம் பெருகியிருந்தது. ஜெர்மன் அறிஞர் ஃபிரீட்ரிஹ் ஷ்லேகல் இந்தியரின் மொழியையும் ஞானத்தையும் பற்றி எழுதிய நூல் 1808இல் வெளிவந்தது. இச்சூழலில் வளர்ந்த உவாரவ், 1810இல், தம் இருபத்துநான்காம் வயதில், ஆசியக் கழகம் ஒன்றை நிறுவுவதற்கான திட்டத்தைப் பிரெஞ்சு மொழியில் நூலாக வெளியிட்டார். கவிஞர் ஜுகோவ்ஸ்கி அதனை அடுத்த ஆண்டே ருஷ்ய மொழியில் தந்தார். ஜெர்மானியப் பெருங்கவிஞர் கதேயுடன் உவாரவுக்குக் கடிதத் தொடர்பும் ஏற்பட்டது. பிற்காலத்துக் கிரேக்கக் கவிஞரான நோன்னோஸைப் பற்றி 1817இல் ஜெர்மானிய மொழியில் எழுதிய ஆய்வினை அவர் கதேக்கே காணிக்கையாக்கினார்.

அத்திட்டத்தின் சாரம் இதுதான்: மனித குலத்தின் சமயமும் ஞானமும் கலையும் ஆசியாவிலே பிறந்தவை, ருஷ்யாவோ ஆசியாவின் வாயிலில் அமர்ந்திருக்கிறது, ஆகவே அரபு, பாரசீகம், துருக்கி, சீனம், சமஸ்கிருதம் முதலிய மொழிகளைக் கற்றுக் கீழ்த்திசைக்கும் மேல்த்திசைக்கும் நடுவே நிற்பது அதன் கடமை. படிக்கும்போது நெஞ்சு குளிர்கிறது. ஆயினும் வரிகளின் ஊடே இன்னொரு குரலும் கேட்கிறது. ஆசியா ஒருகாலத்தில் ஆசானாக இருந்தது, இப்போது உறங்குகிறது, அதனை எழுப்புவது ஐரோப்பாவின் பொறுப்பு, ருஷ்ய அரசின் நலனும் அதில் அடங்கியிருக்கிறது என்பதே அக்குரல். கல்வியின் மீது கொண்ட காதலும் பேரரசின் தேவையும் ஒரே ஏட்டில் கைகோத்து நடக்கின்றன. பின்னாளில் உவாரவின் வாழ்வில் விளைந்த நன்மைக்கும் தீமைக்கும் இந்த ஏட்டிலேயே விதை இருக்கிறது என்பது என் கருத்து.

அரபுமொழிக்கு அமைந்த பீடம்

திட்டமிட்ட ஆசியக் கழகம் அதே வடிவில் உருவாகவில்லை. ஆனால் அதன் நோக்கம் வீண்போகவுமில்லை. கல்வி அமைச்சர் ரஸுமோவ்ஸ்கியின் மகளை மணந்து, பீட்டர்ஸ்பர்க் கல்வி மண்டலத்தின் மேலாளராகவும் பொறுப்பேற்ற உவாரவ், 1818இல் அந்நகரின் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் அரபு மொழிக்கும் பாரசீக மொழிக்கும் பீடங்கள் அமைத்தார். பாரிஸின் புகழ்பெற்ற அரபு அறிஞர் ஸில்வெஸ்தர் த ஸஸியின் மாணவர்களான தெமான்ஜ், ஷர்முவா என்னும் இருவர் அங்கே ஆசிரியராயினர். அடுத்த ஆண்டில் அக்கல்லூரியே பீட்டர்ஸ்பர்க் பல்கலைக்கழகமாக உயர்ந்தது.

அதே 1818இல் அறிவியற் கழகத்தின் தலைமையும் உவாரவைத் தேடி வந்தது. அவர் தலைமையில் எழுந்ததே ஆசியக் காட்சியகம். கஸான் பல்கலைக்கழகத்தில் பத்தாண்டுக் காலம் பணியாற்றிய ஜெர்மானிய அறிஞர் ஃப்ரேன் அதன் முதற் பொறுப்பாளர். இஸ்லாமிய நாணயங்களைப் படித்தறிவதில் வல்லவர் அவர். சிரியா, இராக் நாடுகளில் பிரெஞ்சுத் தூதராயிருந்த ரூஸோ என்பவர் திரட்டிய அரபு, பாரசீக, துருக்கிக் கையெழுத்து நூல்கள், ஏறத்தாழ 700, 1819இலும் 1825இலும் இரு தவணையாக வாங்கப்பெற்று அங்கே சேர்ந்தன. அன்று இடப்பட்ட அந்த அடித்தளத்தின் மீதுதான் இன்று பீட்டர்ஸ்பர்கில் உள்ள கீழைத்தேயக் கையெழுத்து நூல் ஆய்வகம் நிற்கிறது. ஹலபிலும் பக்தாதிலும் யாரோ ஒரு கத்தாத்தின் விரல்கள் வரைந்த ஏடுகள் பூச்சியரிக்காமல், நெருப்புக்கு இரையாகாமல் நின்றிருப்பதற்கு இத்தகைய ஏற்பாடுகளும் ஒரு காரணம் என்பதை நாம் மறுத்தலாகாது. நன்றி கூற வேண்டிய இடத்தில் நன்றி கூறுவதே நேர்மை.

1818இல் அந்தப் பீடங்களின் திறப்பு விழாவில் உவாரவ் ஆற்றிய உரை புகழ் பெற்றது. மக்களின் விடுதலை என்பது இறைவனின் கொடைகளுள் இறுதியாகவும் அழகாகவும் வருவது என்ற பொருள்பட அவர் பேசினார். பிற்காலத்தில் அவ்வுரையை நினைவுகூர்ந்த அவருடைய சமகாலத்தவர், அமைச்சர் உவாரவ் இதனைப் படித்தால் பேச்சாளர் உவாரவைக் கோட்டைச் சிறையில் அடைத்திருப்பார் என்று எள்ளி நகையாடினராம். நகைச்சுவைதான், ஆனால் அதற்குள் ஒரு வாழ்க்கை வரலாறே அடங்கியிருக்கிறது.

இங்கு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1821இல் பீட்டர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் சிலர் மதத்துக்கும் அரசுக்கும் எதிரானதைக் கற்பிக்கிறார்கள் என்று குற்றஞ்சாட்டப்பெற்று விசாரிக்கப்பட்டபோது, உவாரவ் அதனைக் கண்டித்து மன்னருக்கு எழுதிப் பதவியையும் துறந்தார். அஞ்சாமை ஒருகாலத்தில் அவரிடம் இருந்தது. அதனால்தான் அதன் பின்னைய மறைவு நம்மை வருத்துகிறது.

வாத்துக் கறியும் கவிஞர் கூட்டமும்

ருஷ்ய இலக்கிய வரலாற்றில் அர்ஸமாஸ் என்ற பெயர் இனிமையானது. 1815இல், பழைய நடையைக் கட்டிக்காத்த புலவர் கூட்டத்துக்கு எதிராக, புதிய எளிய நடையை விரும்பிய இளைஞர்கள் உவாரவின் இல்லத்தில் கூடி அமைத்த குழாம் அது. வாத்துக்குப் பேர்பெற்ற ஒரு நாட்டுப்புற நகரின் பெயரை வேடிக்கையாகச் சூட்டிக்கொண்டார்கள்; கூட்டம் முடிந்ததும் வாத்துக் கறி விருந்துண்டார்கள். ஜுகோவ்ஸ்கியின் கதைப்பாடல்களிலிருந்து ஒவ்வொருவருக்கும் ஒரு புனைபெயர். உவாரவுக்குக் ‘கிழவி’ என்று பெயர். பள்ளிப் பருவம் கடவாத புஷ்கினுக்குச் ‘சிள்வண்டு’ என்று பெயர்.

உவாரவ் அக்குழாத்தில் வெறும் விருந்தளிப்பவராக இருந்தாரல்லர். ஹோமரின் ‘இலியாது’ காவியத்தை க்னேதிச் என்னும் கவிஞர் வேறு யாப்பில் மொழிபெயர்க்கத் தொடங்கியிருந்தார். கிரேக்க மூலத்தின் அறுசீர் யாப்பையே ருஷ்ய மொழியில் அமைக்க வேண்டும் என்று 1813இல் உவாரவ் அவருக்குத் திறந்த மடல் எழுதினார். க்னேதிச் தாம் செய்ததைக் கைவிட்டு மீண்டும் முதலிலிருந்து தொடங்கினார். 1829இல் வெளிவந்த அம்மொழிபெயர்ப்பு ருஷ்ய மொழியின் செல்வங்களுள் ஒன்றாயிற்று. மொழிபெயர்ப்பின் அருமை அறிந்த எவரும், மூலத்தின் ஓசையை விட்டுவிடாதே என்று சொன்ன அந்த இளைஞரை மதிக்காமல் இருக்க முடியாது.

ஆனால் காலம் மாறியது. 1825 டிசம்பரில் இளம் படையதிகாரிகள் நடத்திய எழுச்சி ஒடுக்கப்பட்டது. முதலாம் நிக்கோலஸ் அரியணை ஏறினார். அர்ஸமாஸ் குழாத்தின் தோழர்கள் திசைக்கொருவராயினர். நிக்கலாய் துர்கேனவ் என்பவர் வெளிநாட்டிலிருந்தபடியே மரணதண்டனைத் தீர்ப்புப் பெற்றார். அத்தீர்ப்புக்கு வழிகோலிய விசாரணைக் குழுவின் செயலகத்தில் அமர்ந்து எழுதியவர் அதே குழாத்தைச் சேர்ந்த புலூதவ். புலூதவும் தாஷ்கவும் உவாரவும் பின்னர் அமைச்சர்களாயினர். ஒரே பந்தியில் அமர்ந்து உண்டவர்களை அரசியல் எப்படிப் பிரித்துவைக்கிறது பாருங்கள்!

மூன்று சொற்கள்

1833இல் கல்வி அமைச்சின் பொறுப்பை ஏற்ற உவாரவ், நாடெங்கும் உள்ள கல்வி அதிகாரிகளுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். ருஷ்யக் கல்வி மூன்று தூண்கள் மீது நிற்க வேண்டும் என்றார்: வைதீகக் கிறித்தவம், முடியாட்சி, தேசியம். இம்மூன்று சொற்களே அவரை வரலாற்றில் நிலைக்கச் செய்தன. 1846இல் அவருக்குக் கோமகன் பட்டம் கிடைத்தபோது, குலச்சின்னத்திலும் இவையே பொறிக்கப்பட்டன.

அவர் காலத்து இளம் வரலாற்றாசிரியர் ஸெர்கேய் சொலவ்யோவ், சமய நம்பிக்கையற்றவர் சமயத்தையும், தாராளக் கொள்கையினர் முடியாட்சியையும், ருஷ்ய நூல் ஒன்றையும் படிக்காதவர் தேசியத்தையும் போதித்தார் என்ற பொருளில் உவாரவைக் கடுமையாகச் சாடியிருக்கிறார். இதில் மிகை உண்டு. ‘இலியாது’க்காக வாதாடியவரையும், 1831இல் புஷ்கினின் அரசியற் கவிதையொன்றைப் பிரெஞ்சில் பெயர்த்தவரையும் ருஷ்ய நூல் படிக்காதவர் எனல் பொருந்தாது. ஆனால் அவர் பெரும்பாலும் பிரெஞ்சிலும் ஜெர்மானியத்திலுமே எழுதினார் என்பது உண்மையே.

எனக்கு அம்மூன்று சொற்களில் தோன்றும் குறை வேறு. வோல்கா நதிக்கரையிலும் யூரல் மலையடிவாரத்திலும் கிரிமியாவிலும் காக்கஸிய மலைகளிலும் பல இலட்சம் முஸ்லிம்கள் அப்பேரரசின் குடிகளாக வாழ்ந்தனர். கஸானில் 1803ஆம் ஆண்டு முதலே குர்ஆன் அச்சாகி வந்தது. அம்மக்கள் அந்த முதற் சொல்லுக்கு எங்கே நிற்பர்? முதல் தூணுக்கு வெளியே நிற்பவன் மூன்றாம் தூணாகிய தேசியத்துக்குள் எப்படி நுழைவான்? இக்கேள்விகளுக்கு அந்தச் சுற்றறிக்கையில் விடை இல்லை. முஸ்லிம்களின் ஏடுகளைப் பொன்போல் போற்றிய ஒருவர், அந்த ஏடுகளை ஓதும் மக்களுக்குத் தம் கொள்கையில் ஓர் இருக்கையும் வைக்கவில்லை. அதே ஆண்டுகளில் காக்கஸியாவில் இமாம் ஷாமில் அவர்களின் தலைமையில் 1834 முதல் 1859 வரை நீண்ட போர் நடந்துகொண்டிருந்தது. ஒருபுறம் அரபு மொழிக்குப் பீடம். மறுபுறம் அரபு ஓதும் மலைமக்கள் மீது பீரங்கி. பேரரசுகளின் கல்விப் பற்று இப்படித்தான் இருக்கும் போலும்.

கஸானில் பேராசிரியராக விளங்கிய மிர்ஸா காஸிம் பேக்கின் வாழ்வும் இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது. 1802இல் பாரசீகத்தின் ரஷ்து நகரில் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்து, தெர்பெந்தில் வளர்ந்து, 1823இல் அஸ்திரகானில் கிறித்தவ சமயம் புகுந்தவர் அவர். அவருடைய புலமை ஐயத்துக்கு இடமற்றது. ஆனால் அதே காலத்துக் கஸான் ஆலிமான ஷிஹாபுத்தீன் மர்ஜானியோ, புகாராவிலும் ஸமர்கந்திலும் ஓதி 1849இல் ஊர் திரும்பி, பள்ளிவாசல் இமாமாக இருந்தபடியே அரபியிலும் தாத்தாரியத்திலும் நூல்கள் யாத்தார். அரசு அமைத்த பீடத்தில் அரபு ஆய்வுப் பொருளாக இருந்தது. மர்ஜானியின் திண்ணையில் அது மூச்சாக இருந்தது. இரண்டும் அரபுதான், ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

புஷ்கினோடு பகை

உவாரவுக்கும் புஷ்கினுக்கும் இடையே பகை வளர்ந்த கதையே இவர் வாழ்வின் உரைகல். 1832இல் இருவரும் சேர்ந்து மாஸ்கோ பல்கலைக்கழகத்துக்குச் சென்றனர். மாணவர் முன்னிலையில் கவிஞரைப் பெருமைப்படுத்தினார் உவாரவ். அமைச்சரானதும் நிலை மாறியது. புஷ்கினின் எழுத்தைத் தாமே பார்வையிடுவதாக மன்னர் ஏற்றிருந்தார்; அது போதாதென்று தம் தணிக்கையாளரின் கத்தரியும் அதன்மேல் விழ வேண்டும் என்று உவாரவ் வற்புறுத்தினார். ‘அஞ்ஜெலோ’ என்னும் கவிதை நூலில் வரிகள் வெட்டப்பட்டன. புகாச்சோவ் கலகத்தின் வரலாற்றைப் புஷ்கின் எழுதி வெளியிட்டபோது அதனையும் உவாரவ் தூற்றினார்.

கவிஞரின் கையில் வாளில்லை, பேனா இருந்தது. 1835இல் செல்வந்தர் ஷெரெமேத்தெவ் நோய்வாய்ப்பட்டார். அவர் உவாரவுக்கு மனைவி வழி உறவு. அவர் இறந்துவிடுவார் என்று கருதி, சொத்துக்களுக்கு முத்திரையிட உவாரவ் விரைந்தார் என்று ஊர் பேசிற்று. நோயாளியோ பிழைத்துக்கொண்டார். புஷ்கின் இதனைப் பழைய ரோமானியக் கதைபோல் மாற்றி, லுக்குல்லுஸின் உடல்நலம் தேறியதைப் பாடும் கவிதையாக எழுதி, 1836 தொடக்கத்தில் ஒரு மாஸ்கோ இதழில் வெளியிட்டார். தலைநகரம் முழுதும் சிரித்தது. அமைச்சர் யாரென்று எல்லோரும் அறிந்தனர். ஆனால் கவிதையில் பெயரில்லை. ஒரு தனிமனிதரின் குடும்ப விவகாரத்தைப் பொதுவிடத்தில் எள்ளியது கவிஞருக்கு அழகா என்று கேட்கலாம். கேட்க வேண்டியதே. அங்கதக் கவிதை எதிரிக்கு மட்டுமன்றி எழுதியவனுக்கும் காயம் தரும். ஆயினும், அமைச்சரைப் பற்றி நேரிய விமர்சனம் ஒன்று எழுத இடமிருந்திருந்தால் கவிஞன் முகமூடியைத் தேடியிருப்பானா? வாசலைப் பூட்டியவர் சன்னலில் வரும் குரலைக் குறைசொல்லுதல் நியாயமன்று.

1837இல் துப்பாக்கிச் சண்டையில் புஷ்கின் மாண்டார். கவிஞரின் மறைவைக் கதிரவன் மறைவுக்கு ஒப்பிட்டு இரங்கல் வெளியிட்ட இதழாசிரியர் கண்டிக்கப்பட்டார். மாணவரும் ஆசிரியரும் வகுப்பை விட்டு இறுதிச் சடங்குக்குச் செல்லாதிருக்க ஏற்பாடு செய்யப்பட்டது. இறந்த கவிஞனுக்கு ஒரு சொட்டுக் கண்ணீரையும் அளந்து விடச்சொன்னார் பழைய அர்ஸமாஸ் தோழர்.

இங்கே ஒரு முரணை எண்ணிப் பாருங்கள். புஷ்கின் அரபு அறியாதவர். ஆயினும் 1824இல், அரசால் ஒதுக்கப்பட்டு நாட்டுப்புறத்தில் இருந்தபோது, ருஷ்ய மொழிபெயர்ப்பில் குர்ஆனைப் படித்து, அதன் தாக்கத்தால் ‘குர்ஆனைப் பின்பற்றி’ என்ற தலைப்பில் ஒன்பது கவிதைகளை எழுதினார். அரபுப் பீடங்களை அமைத்தவர் ஒரு நாகரிகத்தை அலமாரியில் அடுக்கினார். அரபறியாக் கவிஞனோ அதன் ஓசையை நெஞ்சில் வாங்கினான்.

தணிக்கை என்னும் ஆறு

உவாரவின் அமைச்சுக் காலத்தில் 1834இல் ‘மாஸ்கோ தந்தி’ என்ற இதழ் மூடப்பட்டது. 1836இல் சாதாயேவ் எழுதிய தத்துவ மடலை வெளியிட்டதற்காகத் ‘தொலைநோக்கி’ என்ற இதழ் மூடப்பட்டது, எழுதியவர் பித்தர் என அறிவிக்கப்பட்டார், இதழாசிரியர் நாடுகடத்தப்பட்டார். அம்மடலை அச்சிட இசைவு தந்த தணிக்கையாளர் யாரென்று அறிந்தபோது நான் திடுக்குற்றேன். மாஸ்கோ பல்கலைக்கழகத்தின் தலைவராயிருந்த பொல்தீரெவ் அவர். 1824இல் அரபு வாசகத் தொகுப்பு நூலை மாணவருக்காக வெளியிட்ட அரபு, பாரசீகப் பேராசிரியர்! அரபுக் கல்வியின் புரவலர் என்று போற்றப்பெற்ற அமைச்சரின் ஆட்சியிலே, அரபுப் பேராசிரியர் ஒருவர் ஒரு மடலுக்கு இசைவு தந்த குற்றத்துக்காகப் பதவியிழந்தார். அறிஞர்களை ஆதரிப்பவர் ஒரு சொல்லுக்காக அறிஞரைத் தூக்கியெறிவாராயின், அவர் ஆதரித்தது அறிவையா, அல்லது தமக்குப் பணிந்த அறிவையா?

பண்ணையடிமையின் மகனாகப் பிறந்து, படித்து உயர்ந்து, பேராசிரியரும் தணிக்கையாளருமான நிகிதென்கோ என்பவரின் நாட்குறிப்பு அக்காலத்தின் கண்ணாடி. விக்தர் ஹ்யூகோவின் கவிதை மொழிபெயர்ப்பு ஒன்றுக்கு இசைவு தந்ததற்காக அவர் எட்டு நாள் காவலில் வைக்கப்பட்டார். ருஷ்யாவை அதற்காகக் காத்திருக்கும் கேடுகளிலிருந்து ஐம்பது ஆண்டுக்காலம் தள்ளிவைத்தால் தம் கடமை முடிந்தது என்று உவாரவ் கூறியதாக அவர் எழுதிவைத்துள்ளார். இது உவாரவின் உள்ளத்தைத் திறக்கும் திறவுகோல். கல்வி வேண்டும், ஆனால் மெல்ல வேண்டும். பல்கலைக்கழகம் வேண்டும், ஆனால் உரியவருக்கு வேண்டும். 1845இல் கல்விக் கட்டணம் உயர்த்தப்பட்டதும் கீழ்க்குடிப் பிள்ளைகளின் எண்ணிக்கையைக் குறைப்பதற்கே.

இந்த ஆறு இறுதியில் அவரையே அடித்துச் சென்றது. 1848இல் ஐரோப்பாவெங்கும் புரட்சி வெடித்தபோது, உவாரவின் தணிக்கையும் போதாதென்று கருதிய மன்னர் அதன்மேல் இன்னொரு கமுக்கக் குழுவை அமைத்தார். பல்கலைக்கழகங்கள் மூடப்படும் என்ற வதந்தி பரவியது. 1849இல், உவாரவின் தூண்டுதலால், பல்கலைக்கழகங்களின் சிறப்பைப் பேசும் கட்டுரையைப் பேராசிரியர் தவீதவ் ஓர் இதழில் எழுதினார். கட்டுரை ராஜவிசுவாசம் நிறைந்தது. ஆனாலும் மன்னர் சினந்தார். அரசு அமைத்தவற்றைப் புகழவும் பிறருக்கு உரிமையில்லை, பணிதலே கடமை என்பது அவர் தீர்ப்பு. அவ்வாண்டிலேயே உவாரவ் பதவி விலகினார். அவர் உருவாக்கிய பூட்டில் அவர் குரலே அடைபட்டது. அவருக்குப் பின் வந்தவர் 1850இல் தத்துவப் பீடங்களையே எடுத்துவிட்டார்.

தராசின் இரு தட்டுகள்

சோவியத் காலத்து நூல்களில் உவாரவ் வெறும் பிற்போக்காளராகவே காட்சியளித்தார். 1984இல் அமெரிக்க வரலாற்றாசிரியர் சிந்தியா விட்டேக்கர் எழுதிய வாழ்க்கை வரலாறு, ருஷ்யாவின் புதுக்கல்வியைத் தோற்றுவித்தவர் என்ற வகையில் அவரைக் காண்கிறது. இரு பார்வையிலும் உண்மை உண்டு. ஒன்றைக் கொண்டு மற்றதை அழித்தல்தான் தவறு.

நம் வரலாற்றை அறிந்தோருக்கு இந்த இரட்டை முகம் புதிதன்று. கலீஃபா மஃமூன் காலத்தில் கிரேக்க நூல்கள் அரபியில் மலர்ந்தன. வானியலும் கணிதமும் வளர்ந்தன. அதே மஃமூன் ஹிஜ்ரி 218இல், அதாவது 833ஆம் ஆண்டில், தம் கொள்கையை ஆலிம்கள் மீது சுமத்தி விசாரணை தொடங்கினார். அடுத்துவந்த முஃதஸிமின் ஆட்சியில் இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் கசையடி பட்டார். மஃமூனின் மொழிபெயர்ப்புப் பணியை நாம் மறக்கவில்லை. இமாம் அவர்களின் முதுகில் விழுந்த அடியையும் மறக்கவில்லை. இரண்டையும் ஒரே மூச்சில் நினைவுகூரும் பழக்கம் நமக்கு உண்டு. அதே நீதியை உவாரவுக்கும் வழங்குவோம்.

அவ்வாறு வழங்கும்போது நான் காணும் தீர்ப்பு இது. ஏடுகளைச் சேர்த்ததில் உவாரவ் பெரியவர். ஏடு எழுதும் மனிதர்களைக் காத்ததில் சிறியவர். இறந்தோரின் எழுத்து அவரைக் கேள்வி கேட்கவில்லை; ஆகவே அதனைப் போற்றினார். உயிரோடிருந்தோரின் எழுத்து கேள்வி கேட்டது. ஆகவே அதனைப் பூட்டினார். கையெழுத்து நூலின் மீது கொண்ட அன்பு, கைகளின் மீதும் விரியாதபோது, அது கல்விப் பற்றாகாது; சேகரிப்பு ஆசையாகவே நின்றுவிடும்.

1855இல், பழைய ருஷ்ய நாட்காட்டிப்படி ஆகஸ்ட் 27ஆம் நாள், பீட்டர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் கீழைமொழிகளுக்கென்றே தனிப் புலம் திறக்கப்பட்டது. நாற்பத்தைந்து ஆண்டுக்கு முன் அவர் கண்ட கனவு அது. செப்டம்பர் 4ஆம் நாள் உவாரவ் மாஸ்கோவில் மறைந்தார். கனவு பலித்த வாரத்திலே கனவு கண்டவர் போய்ச் சேர்ந்தார். அவர் மகன் தந்தையின் பெயரால் ஏற்படுத்திய பரிசை 1860இல் நாடகாசிரியர் அஸ்திரோவ்ஸ்கி ‘புயல்’ நாடகத்துக்காகப் பெற்றார். 1832இல் கண்டறியப்பட்ட பச்சைக் கல் ஒன்றுக்கும் அவர் பெயரே உவாரவைட்டு என்று வழங்குகிறது. அழகிய கல்தான், ஆனால் கல்.

ஷைகு தந்தாவி அவர்களோ 1847 முதல் பல்கலைக்கழகத்தில் அரபுப் பேராசிரியராக இருந்து, ருஷ்ய நாட்டைப் பற்றித் தாம் கண்டவற்றை அரபியில் ஒரு நூலாக எழுதினார். ருஷ்யர் கீழ்த்திசையை ஆய்ந்துகொண்டிருக்க, கீழ்த்திசையின் ஆலிம் ஒருவர் ருஷ்யரை உற்றுநோக்கி எழுதிவைத்தார். அவரிடம் ஓதிய பின்லாந்து நாட்டு வாலின் என்பவர் பின்னர் அரபு நாடுகளில் நெடும்பயணம் செய்தார். பதவியோ பட்டமோ ஷைகை நிலைநிறுத்தவில்லை. மாணவரும் நூலும் நிலைநிறுத்தின. எவருடைய இதழையும் அவர் மூடியதில்லை. எவருடைய கண்ணீரையும் அளந்ததில்லை. வோல்கவோ அடக்கத்தலத்தில் அவர் தலைமாட்டில் அரபியிலும் ருஷ்ய மொழியிலும் எழுத்துப் பொறித்த கல் நிற்கிறது. அரசின் தேவைக்காக அழைக்கப்பட்டவர் அறிவின் தேவைக்காக வாழ்ந்தார் என்பதற்கு அக்கல்லே சான்று.